கட்டணப் பட்டியலையும் படியுங்கள்

சிவில் இன்ஜினியரிங் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



நெடுஞ்சாலைப் பாடத்தில் மெக்காடம் என்ற பெயர் வரும். ரயில்வே பாடத்தில் கேஜ் வரும், ஸ்லீப்பர் எண்ணிக்கை வரும், வளைவில் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்துவது என்ற கணக்கும் வரும். பாசனப் பாடத்தில் தொட்டிப்பாலம் வரும். எல்லாமே பாதையைப் போடுவது எப்படி என்பதற்கான பாடங்கள். பாதை திறந்த மறுநாள் அந்த ஊரில் என்ன நடக்கிறது என்பது எந்த செமஸ்டரிலும் இல்லை.

அதைப் பார்க்க 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவைவிடத் தோதான இடம் இல்லை. 1830-இல் அங்கே இருந்த ரயில்பாதை 23 மைல். 1860-இல் 30,000 மைலுக்கு மேல். 1900-இல் ஏறக்குறைய 1,93,000 மைல். சாலை, கால்வாய், ரயில் என்று மூன்று தலைமுறைத் தொழில்நுட்பமும் ஒரு மனித ஆயுளுக்குள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வந்தன. அந்த வரலாற்றை வரைபடத்தை வைத்துப் படிப்பவர்கள் அதிகம். ஒரு டன் சரக்கை ஏற்றிப்போக எவ்வளவு காசு, அந்தக் காசு யார் பையிலிருந்து யார் பைக்குப் போயிற்று என்று கட்டணப் பட்டியலை வைத்துப் படித்தால் வேறொரு நாடு தெரியும்.

முதல் எண் 1816-இல் அமெரிக்க செனட் குழு ஒன்றின் அறிக்கையில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து 3,000 மைல் கடல் கடந்து ஒரு டன் சரக்கு வந்திறங்க சுமார் 9 டாலர். அதே 9 டாலருக்கு அமெரிக்க மண்ணில் அந்தச் சரக்கு 30 மைல்தான் போகும். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே நிலம் கொழுத்துக் கிடந்தது. விளைந்ததை விற்கத்தான் வழியில்லை. கோதுமையை வண்டி கட்டி மலை தாண்டிக் கொண்டுபோனால், விற்ற காசு வண்டிக் கூலிக்கே போதாது. ஆகவே அங்கிருந்த குடியானவர்கள் தானியத்தை விஸ்கியாகக் காய்ச்சினார்கள். ஒரு குதிரை சுமக்கும் விஸ்கிக்குள் அது சுமக்க முடியாத அளவு தானியத்தின் விலை அடங்கிவிடும். பன்றியையும் மாட்டையும் நடத்தியே ஓட்டிப்போனார்கள். சரக்கே நடந்து போகும்போது வண்டி எதற்கு? அந்த விஸ்கிக்கு மத்திய அரசு வரி போட்டபோது மேற்கு பென்சில்வேனியா கொதித்தது. 1794-இல் கலகத்தை அடக்க ஜார்ஜ் வாஷிங்டனே சுமார் 13,000 பேர் கொண்ட படையோடு கிளம்ப வேண்டியிருந்தது. சாராய வரிக் கலகம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அடியில் இருந்தது சாலை இல்லாத குறை.

நிதிச் செயலர் ஆல்பர்ட் கலாட்டின் 1808-இலேயே நாடு முழுவதற்கும் சாலையும் கால்வாயும் திட்டமிட்டுக் கொடுத்திருந்தார். ஆண்டுக்கு 20 லட்சம் டாலர், பத்து ஆண்டு. நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டது, பணம் ஒதுக்கவில்லை. மத்திய அரசு சாலை போடலாமா, அதற்கு அரசியலமைப்பில் இடம் உண்டா என்ற வாதம் முப்பது ஆண்டு ஓடியது. ஜனாதிபதிகள் மேடிசன் 1817-இலும், மன்றோ 1822-இலும், ஜாக்சன் 1830-இலும் சாலை மசோதாக்களைத் திருப்பி அனுப்பினார்கள். என் மாநிலத்து வரிப்பணம் உன் மாநிலத்துச் சாலைக்கு எதற்கு என்பதுதான் சண்டையின் சாரம்.

அந்தச் சண்டைக்கு நடுவிலும் எழுந்தது தேசியச் சாலை. மேரிலாந்தின் கம்பர்லாந்தில் 1811-இல் வேலை தொடங்கி, 1818-இல் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள வீலிங்கைத் தொட்டு, கடைசியில் இல்லினாயின் வாண்டேலியாவில் பணமில்லாமல் நின்றது. பராமரிக்க முடியாமல் மத்திய அரசு அதை மாநிலங்களின் தலையில் கட்டியது. மாநிலங்கள் சுங்கச்சாவடி வைத்தன. பென்சில்வேனியாவில் இன்றும் நிற்கும் சுங்க வீடுகளின் கட்டணப் பலகையைப் படித்தால் அதை எழுதியவர் ஒரு பொறியாளர் என்பது புரியும். சக்கரப் பட்டையின் அகலம் கூடக் கூடச் சுங்கம் குறைகிறது. குறுகிய பட்டை ஜல்லியைக் கிழித்துக் குழி பறிக்கும், அகலப் பட்டை ரோடு ரோலர் வேலை செய்யும். சாலையைக் கெடுப்பவன் கூடுதலாகக் கொடு, சீர்செய்பவன் சும்மா போ என்ற கணக்கு அது. இன்றைய டோல்கேட்டுகளில்கூட இவ்வளவு நுணுக்கம் அபூர்வம்.

ஆனாலும் சாலையால் மேற்கைத் திறக்க முடியவில்லை. ஜல்லிச் சாலையிலும் நான்கு குதிரை இழுப்பது சில டன்தான். அதே கனத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் இரண்டு கோவேறு கழுதை போதும்.

ஈரி கால்வாயின் கதை சிறையில் தொடங்குகிறது. ஜெஸ்ஸி ஹாலி மாவு வியாபாரி. சரக்கு அனுப்பும் செலவிலேயே நொடித்துப்போய், கடனாளிகளுக்கான சிறையில் அடைபட்டார். அங்கிருந்தபடி 1807-இலும் 1808-இலும் ‘ஹெர்குலிஸ்’ என்ற புனைபெயரில் பத்திரிகைக்குக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார்: ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் கால்வாயால் இணைக்கலாம். ஜனாதிபதி ஜெஃபர்சனிடம் யோசனை போனபோது, இது கிட்டத்தட்டப் பைத்தியக்காரத்தனம் என்று அனுப்பிவிட்டார். மத்திய அரசு பைசா தரவில்லை. நியூயார்க் ஆளுநர் டி விட் கிளின்டன் மாநிலத்தின் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டு, 1817 ஜூலை 4 அன்று ரோம் என்ற சிற்றூரில் மண்வெட்டி போட வைத்தார். ‘கிளின்டனின் சாக்கடை’ என்று எதிரிகள் கேலி செய்தார்கள்.

363 மைல் நீளம். நாற்பது அடி அகலம், நான்கே அடி ஆழம். இரண்டு முனைகளுக்கும் 568 அடி உயர வித்தியாசம். அதை ஏறி இறங்க 83 லாக். பதினெட்டு தொட்டிப்பாலங்கள். இதைக் கட்டியவர்களில் ஒருவர்கூட உங்களைப் போல சிவில் படித்தவர் இல்லை என்பதை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். தலைமைப் பொறியாளர் பெஞ்சமின் ரைட்டும் அவருடைய சகா ஜேம்ஸ் கெடெஸும் உள்ளூரில் நீதிபதியாக இருந்தவர்கள்; நிலம் அளக்கத் தெரியும், அவ்வளவுதான். லெவல் கருவியைப் பிடித்துக்கொண்டே பொறியியல் கற்றார்கள். 1969-இல் அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் அந்த நாட்டின் சிவில் பொறியியலுக்கே தந்தை என்று அறிவித்தது இந்த ரைட்டைத்தான்.

கான்வாஸ் வைட் என்ற இளைஞர் 1817-இல் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்த கால்வாய்களின் கரையோரம் நடந்தே எல்லாவற்றையும் வரைந்துகொண்டு வந்தார். சாதாரணச் சுண்ணாம்புக் காரை தண்ணீருக்கடியில் இறுகாது. லாக் சுவர்களுக்கு நீரில் இறுகும் சிமெண்ட் வேண்டும். கப்பலில் வரவழைத்தால் கட்டுப்படியாகாது. நியூயார்க்கில் சிட்டெனாங்கோ என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த ஒருவகைச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு அரைத்தால் அந்தக் குணம் வருகிறது என்று வைட் கண்டுபிடித்தார். 1820-இல் காப்புரிமையும் வாங்கினார். கான்டிராக்டர்கள் அந்த சிமெண்டை மூட்டை மூட்டையாகப் பயன்படுத்தினார்கள். உரிமைத்தொகையைத்தான் கொடுக்கவில்லை.

காட்டை அழிக்கும் முறையும் களத்திலேயே பிறந்தது. மரத்தை வெட்டிவிடலாம், தூரைப் பெயர்ப்பதுதான் உயிர் போகிற வேலை. ஆளுயரத்தைப் போல மூன்று பங்கு விட்டமுள்ள இரண்டு சக்கரங்கள், நடுவில் அச்சு, அச்சில் சற்றே சிறிய இன்னொரு சக்கரம், அதில் சுற்றிய கயிறு, இழுக்க மாடோ குதிரையோ. ஏழெட்டுப் பேர் ஒரே நாளில் முப்பது நாற்பது தூர் பிடுங்கினார்கள். மான்டெசூமா சதுப்பில் அந்தக் கெட்டிக்காரத்தனம் எடுபடவில்லை. 1819 கோடையில் அங்கே சுமார் ஆயிரம் பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். மலேரியாவுக்குக் கொசு காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. லாக்போர்ட்டில் குறுக்கே நின்றது சுமார் 60 அடி பாறைச் சுவர். நேதன் ராபர்ட்ஸ் அதில் ஐந்து லாக்குகளை மாடிப்படி போல அடுக்கி, ஏறும் படகுக்கு ஒரு வரிசை, இறங்கும் படகுக்கு ஒரு வரிசை என்று இரட்டையாகக் கட்டினார். படகுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கவே வேண்டியதில்லை.

1825 அக்டோபர் 26. பஃபலோவில் முதல் படகு கிளம்பியதும் ஒரு பீரங்கி வெடித்தது. அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் அடுத்த பீரங்கி, அப்படியே கரை நெடுகிலும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் செய்தி நியூயார்க் நகரத்தைத் தொட்டது. தந்தி இல்லாத காலம். ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் கொண்டுவந்து கிளின்டன் நவம்பர் 4 அன்று கடலில் ஊற்றினார்.

இனி கட்டணத்துக்கு வருவோம். பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் போக முன்பு சுமார் 100 டாலர், இருபது நாள். கால்வாயில் சுமார் 10 டாலர், எட்டு நாள். பிறகு அதற்கும் கீழே போனது. கட்டிய செலவு சுமார் 70 லட்சம் டாலர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுச் சுங்கத்திலேயே திரும்பிவிட்டது. 1820-இல் 1,502 பேர் இருந்த ராச்செஸ்டரில் 1830-இல் 9,207 பேர். அங்கே ஜெனசீ அருவியில் ஓடிய ஆலைகள் அரைத்த மாவு நியூயார்க் ரொட்டிக்கடைகளுக்குப் போயிற்று. பஃபலோவில் தானியத்தை ஐரிஷ் தொழிலாளர்கள் முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1842-இல் ஜோசப் டார்ட் நீராவியில் ஓடும் வாளிச் சங்கிலி வைத்து, கப்பலின் வயிற்றிலிருந்து நேரே களஞ்சியத்துக்குத் தானியத்தை ஏற்றினார். பாஸ்டனையும் ஃபிலடெல்ஃபியாவையும் பின்தள்ளி நியூயார்க் நாட்டின் முதல் துறைமுகமாக நிலைத்தது.

பத்தில் ஒரு பங்காகக் குறைந்த கட்டணம் எல்லோருக்கும் நல்லதில்லை. நியூ இங்கிலாந்தின் கல்லு நிலத்தில் கோதுமை போட்டுக்கொண்டிருந்த விவசாயியின் சந்தைக்கு ஒஹையோ கோதுமை வந்து சேர்ந்தது. அவர் போட்டி போட முடியாமல் மாடு வளர்த்துப் பாலுக்குப் போனார், அல்லது நிலத்தை விட்டுவிட்டு அதே கால்வாயில் படகேறி மேற்கே போனார். பலர் வீட்டு மகள்கள் லோவெல் நகரத்துப் பஞ்சாலைகளில் நெசவுக்குச் சேர்ந்தார்கள். கால்வாய் போன மண் ஒனைடா, ஒனன்டாகா, செனகா மக்களின் பூர்வீகம். உடன்படிக்கை மேல் உடன்படிக்கையாக அது கைமாறி முடிந்திருந்தது. கழுதையை ஓட்டிக்கொண்டு கரையில் நடந்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். ஆறு மணி நேரம் நடை, ஆறு மணி நேரம் ஓய்வு, மறுபடி ஆறு மணி நேரம், மழையானாலும் இரவானாலும்.

அப்படி ஒஹையோ கால்வாயில் 1848-இல் கழுதை ஓட்டிய பதினாறு வயதுப் பையன், அடிக்கடி தண்ணீரில் விழுந்து, காய்ச்சல் கண்டு வீடு திரும்பினான். பெயர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். 1881-இல் ஜனாதிபதியான அவர் சுடப்பட்டது வாஷிங்டன் ரயில் நிலையத்தில். படுத்த படுக்கையாக இருந்தவரைக் கடற்கரை வீட்டுக்குக் கொண்டுபோக, குலுங்காமல் போக வேண்டும் என்று ஊர்மக்கள் ஒரே இரவில் வீட்டு வாசல்வரை அரை மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டார்கள். காயம் ஆறவில்லை.

ஈரியின் லாபத்தைக் கண்டு மற்ற மாநிலங்களுக்குத் தூக்கம் போயிற்று. 1840-க்குள் நாட்டில் சுமார் 3,300 மைல் கால்வாய். பென்சில்வேனியாவுக்கு நடுவில் மலை. கால்வாய்ப் படகை மலை அடிவாரத்தில் ரயில்பெட்டியில் ஏற்றி, சாய்தளத்தில் கயிறு கட்டி இழுத்து, அந்தப் பக்கம் மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள். பார்க்க அற்புதம், வரவு செலவு அவலம். ஈரியில் ஓடிய சரக்கு மற்றவற்றில் ஓடவில்லை. 1837 நிதி நெருக்கடிக்குப் பிறகு, 1841-க்கும் 1843-க்கும் இடையில் எட்டு மாநிலங்களும் ஃபுளோரிடா பிரதேசமும் வட்டி கட்ட முடியாமல் கைவிரித்தன. லண்டனில் பத்திரம் வாங்கியவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். மாநில அரசுகள் இனி இப்படிக் கடன் வாங்கவே கூடாது என்று பல மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பையே திருத்தின. அரசு விலகிய இடத்தில்தான் ரயில் கம்பெனிகள் வந்து உட்கார்ந்தன என்பதைப் பாடப்புத்தகங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகின்றன. 1857-இல் பென்சில்வேனியா தன் முதன்மைக் கால்வாய்த் தடத்தை ஒரு ரயில் கம்பெனிக்கே விற்றது.

1828 ஜூலை 4 அன்று நாற்பது மைல் இடைவெளியில் இரண்டு தொடக்க விழாக்கள். வாஷிங்டன் அருகே செசபீக் - ஒஹையோ கால்வாய்க்கு ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி போட்டார், வேர் தட்டியது, மறுபடி போட்டார், மறுபடி வேர். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டியதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே நாள் பால்டிமோரில், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் உயிரோடிருந்த ஒரே மனிதரான தொண்ணூறு வயது சார்லஸ் கரோல், பால்டிமோர் - ஒஹையோ ரயில்பாதைக்குக் கல் நாட்டினார். இரண்டுக்கும் இலக்கு மேற்கு. ரயில் 1842-இல் கம்பர்லாந்தை அடைந்தது. கால்வாய் அங்கே வந்து சேர்ந்தபோது 1850. ஒஹையோ ஆற்றை அது பார்க்கவே இல்லை.

ரயிலின் வெற்றிக்கு வேகம் ஒரு காரணம், குளிர்காலம் இன்னொன்று. கால்வாய் டிசம்பரில் உறைந்தால் ஏப்ரல்வரை திறக்காது. நியூயார்க் மாநிலம் தன் கால்வாயைக் காப்பாற்ற, பக்கத்திலேயே ஓடிய ரயில்கள் ஏற்றும் சரக்குக்கும் கால்வாய்ச் சுங்கம் கட்ட வேண்டும் என்று விதி வைத்திருந்தது. தண்ணீரைத் தொடாத சரக்குக்குத் தண்ணீர் வரி! 1851-இல் அதை எடுத்தார்கள். இன்னொரு வேடிக்கை 1853 டிசம்பரில் பென்சில்வேனியாவின் ஈரி நகரத்தில் நடந்தது. அங்கே இரண்டு கேஜ்கள் சந்தித்தன. சரக்கை இறக்கி ஏற்றுவதில் கூலியாட்களுக்கு வேலை, காத்திருக்கும் பயணிகளால் சாப்பாட்டுக் கடைகளுக்கு வியாபாரம். ஒரே கேஜாக மாற்றப்போகிறார்கள் என்றதும் ஊரே திரண்டு தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டது. மீட்டர்கேஜ் சந்திப்புகளால் பிழைத்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

நியூயார்க்கிலிருந்து சிகாகோ போக 1830-இல் மூன்று வாரம். 1857-இல் இரண்டு நாள். 1840-இல் 4,470 பேர் இருந்த சிகாகோவில் 1860-இல் 1,12,172 பேர். அந்த ஊர் செய்த பெரிய கண்டுபிடிப்பு இரும்பில் இல்லை, தானியத்தில். அதுவரை ஒரு விவசாயியின் கோதுமை அவர் பெயர் எழுதிய சாக்கில் கடைசிவரை அவருடைய கோதுமையாகவே போனது. நீராவிக் களஞ்சியமும் ரயில் வேகனும் சாக்கை ஏற்காது. உதிரியாகக் கொட்டினால்தான் வேலை நடக்கும். கொட்டினால் ஒருவர் கோதுமை மற்றவர் கோதுமையோடு கலந்துவிடும். 1848-இல் தொடங்கிய சிகாகோ வணிக வாரியம் 1856-இலிருந்து தரம் பிரித்தது. கோதுமையைக் கொட்டிவிட்டு, இன்ன தரத்தில் இத்தனை புஷல் என்று ஒரு ரசீதை வாங்கிக்கொள்ள வேண்டியது. பிறகு ரசீதை விற்றார்கள். அதன்பிறகு இன்னும் விளையாத கோதுமையையே விற்றார்கள். இன்று உலகம் முழுவதும் நடக்கும் முன்பேர வணிகத்தின் ஒரு பெரிய வேர் அந்தக் களஞ்சிய வாசலில் இருக்கிறது.

விவசாயி முதலில் மகிழ்ந்தார், பிறகு பல்லைக் கடித்தார். போட்டி ரயில் இருக்கும் பெருநகரங்களுக்கிடையில் கட்டணம் மலிவு. ஒரே ரயில் வரும் சிற்றூரில் அதே பாதையில் பாதித் தூரத்துக்குக் கூடுதல் கட்டணம். பெரிய முதலாளிகளுக்கு ரகசியத் தள்ளுபடி. 1872-இல் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர் தரப்பு பங்கேற்ற ஒரு ஏற்பாடு அதிலும் உச்சம்: தங்கள் எண்ணெய்க்குத் தள்ளுபடி போக, போட்டியாளர் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ரயில்கள் இவர்களுக்குப் பங்கு தர வேண்டும். விஷயம் வெளியே கசிந்து, எண்ணெய் வயல்கள் கொந்தளித்து, நடைமுறைக்கு வருமுன்பே அது சரிந்தது. பல மாநிலங்களில் விவசாயிகள் சங்கம் கட்டினார்கள், சட்டம் போட வைத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1887-இல் வந்த மாநிலங்களிடை வணிகச் சட்டம் ரயில் கம்பெனிகளிடம் கேட்டவற்றுள் மிக எளிமையானது இது: கட்டணப் பட்டியலை அச்சிட்டு எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

பட்டியலில் ஏறாத செலவுகளும் உண்டு. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட பசிபிக் ரயில்வே சட்டம், சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மலையில் 48,000 டாலர் என்று கடன் பத்திரம் தந்தது. வழிநெடுக நிலமும் தந்தது. 1850-க்கும் 1871-க்கும் இடையில் மத்திய அரசு ரயில்களுக்குக் கொடுத்த நிலம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கர். அந்த நிலத்தில் செயன், லகோட்டா மக்கள் குதிரையோட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பது சட்டத்தின் கணக்கில் இல்லை. 1867 ஆகஸ்டில் நெப்ராஸ்காவின் பிளம் கிரீக் அருகே செயன் வீரர்கள் தண்டவாளத்தை வளைத்து ஒரு சரக்கு ரயிலைக் கவிழ்த்தார்கள். ரயில்பாதை வேலை நிற்கவில்லை. காட்டெருமைத் தோலைப் பதப்படுத்தும் முறை கைவந்ததும் 1872-இல் டாட்ஜ் சிட்டிக்கு ரயில் வந்து சேர, இருபது ஆண்டுகளுக்குள் கோடிக்கணக்கில் இருந்த மந்தைகள் சில நூறாகச் சுருங்கின. முதலில் தோல் சரக்காகப் போயிற்று. அது தீர்ந்ததும் புல்வெளியில் வெளுத்துக் கிடந்த எலும்பைப் பொறுக்கி ஸ்டேஷனில் குவித்தார்கள். உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் டன் கணக்கில் அதுவும் போயிற்று.

கலிபோர்னியா பக்கமிருந்து சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் சீனர்கள். மத்திய பசிபிக் கம்பெனியில் ஒரு கட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள்தான். உச்சிச் சுரங்கம் 1,659 அடி. கருங்கல் பாறையில் ஒருவர் உளியைப் பிடிக்க இருவர் சம்மட்டி அடிப்பார்கள். வெடிமருந்து திணித்து வெடித்தால் ஒரு முகத்தில் ஒரு நாளைக்கு ஓர் அடி அளவுக்கே முன்னேற்றம். அதனால் நடுவில் மேலிருந்து ஒரு கிணறு இறக்கி, உள்ளிருந்து இரண்டு பக்கமும், வெளியிலிருந்து இரண்டு பக்கமுமாக நான்கு முகங்களில் குடைந்தார்கள். 1866-67 குளிர்காலத்தில் பனி மூடிய மலையில் பனிக்குள்ளேயே சுரங்கம் வெட்டி, அதன் வழியாக வேலைக்குப் போய்வந்தார்கள். பனிச்சரிவில் முகாமோடு புதைந்தவர்களை வசந்தத்தில்தான் எடுக்க முடிந்தது. காலி வெடிமருந்துப் பீப்பாயில் கொதிக்கவைத்த தேநீரைக் காவடியில் தூக்கிவருவார்கள். அதைக் குடித்ததால், ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த வெள்ளைக்காரத் தொழிலாளர்களைப் பிடித்த வயிற்றுக்கடுப்பு இவர்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வெள்ளைக்காரருக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் இடமும். சீனருக்குச் சாப்பாடு சொந்தச் செலவு, சம்பளமும் குறைவு. 1867 ஜூன் கடைசியில் ஆயிரக்கணக்கான சீனர்கள் ஒரே நாளில் வேலையை நிறுத்தினார்கள்: சமச் சம்பளம், சுரங்கத்துக்குள் எட்டு மணி நேர வேலை. அடிதடி இல்லை, கல்வீச்சு இல்லை. கட்டுமானப் பொறுப்பிலிருந்த சார்லஸ் கிராக்கர் மலைக்குப் போகும் அரிசியையும் சாமானையும் நிறுத்தினார். ஒரு வாரத்தில் பசி வேலையைத் தொடங்கவைத்தது.

1869 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் பத்து மைலுக்கு மேல் தண்டவாளம் போட்டுச் சாதனை படைத்தார்கள். தண்டவாளத்தைத் தூக்கி வைத்த எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அன்று அதே பாதையில் உழைத்த சீனர் பெயர் ஒன்றுகூட இல்லை. மே 10-ஆம் தேதி யூட்டாவின் புரொமன்டரி உச்சியில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இரண்டு பாதைகளும் சேர்ந்தன. மத்திய பசிபிக் கம்பெனித் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் கடைசி ஆணியைத் தங்கத்தில் கொண்டுவந்து, சுத்தியலை ஓங்கியபோது குறி தவறினார். பதின்மூன்று ஆண்டு கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் வந்தது.

நேரத்தையும் ரயில்தான் திருத்தியது. ஒவ்வோர் ஊருக்கும் சூரியன் உச்சிக்கு வரும்போது அதனதன் நண்பகல். ரயில் கம்பெனிகள் ஐம்பது வகை நேரங்களில் ஓடிக்கொண்டிருந்தன. 1883 நவம்பர் 18, ஞாயிறு, ரயில் கம்பெனிகள் தாங்களாகவே கூடிப் பேசி நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தன. நியூயார்க் கடிகாரங்கள் சுமார் நான்கு நிமிடம் பின்னுக்குப் போயின. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது 1918-இல். முப்பத்தைந்து ஆண்டு ஒரு நாட்டின் மணியைக் கம்பெனிகளே அடித்துக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் ரயில் நேரம் தேவைப்பட்டதால் எல்லோருக்கும் கைக்கடக்கமான கடிகாரமும் தேவைப்பட்டது. 1886-இல் மினசோட்டாவின் நார்த் ரெட்வுட் ஸ்டேஷனுக்கு வந்த ஒரு கடிகாரப் பெட்டியை உள்ளூர் நகைக்கடைக்காரர் வாங்க மறுத்தார். ஸ்டேஷன் ஏஜென்ட் அதைத் தானே எடுத்து, தந்தி வழியே மற்ற ஸ்டேஷன்காரர்களுக்கு விற்றுத் தள்ளினார். அவர் ரிச்சர்ட் சியர்ஸ். அந்த வியாபாரம் வளர்ந்து, தபாலில் வீடுகளுக்குச் சரக்கனுப்பும் சியர்ஸ் கம்பெனி ஆயிற்று.

ஒரே பெட்டியில் யாரோடு யார் உட்காருவது என்ற கேள்வியும் ரயிலோடு வந்ததுதான். 1838 செப்டம்பரில் அடிமையாக இருந்த ஃபிரெடரிக் டக்ளஸ், கடலோடி உடையில் பால்டிமோரில் ரயிலேறி, ஒரு நாளுக்குள் நியூயார்க்கில் சுதந்திர மண்ணில் இறங்கினார். மூன்று ஆண்டு கழித்து, அடிமைமுறை இல்லாத மாசசூசெட்சில், வெள்ளையர் பெட்டியிலிருந்து எழ மறுத்ததற்காக இருக்கையோடு பிடுங்கி வெளியே தள்ளப்பட்டார். 1892-இல் நியூ ஆர்லியன்சில் ஹோமர் பிளெஸ்ஸி திட்டமிட்டே வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்து கைதானார். கறுப்பர்களுக்குத் தனிப்பெட்டி வைக்கச் சொன்ன மாநிலச் சட்டம் அந்த ரயில் கம்பெனிக்கும் பிடிக்கவில்லை. நியாய உணர்ச்சியால் அல்ல, தனிப்பெட்டி இழுக்கும் செலவால். 1896-இல் உச்ச நீதிமன்றம் பிளெஸ்ஸிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனித்தனி, ஆனால் சமம் என்ற அந்தக் கணக்கு பள்ளிக்கூடம், பூங்கா, குடிநீர்க் குழாய் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

கடைசியாக உங்கள் துறைக்கே வரலாம். அக்காலத்து சரக்கு வேகன்களை இணைக்க, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். வேகன் நகர்ந்து வரும்போது இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து எதிர்ப்பெட்டியின் வாயில் நுழைத்து, முளையைச் செருக வேண்டும். ஒரு கணம் தப்பினால் விரல் போகும், இரண்டு கணம் தப்பினால் ஆளே போவார். வேலை தேடி வருபவரின் கையைப் பார்ப்பார்களாம். விரல் குறைந்திருந்தால் அனுபவசாலி. மோதியதும் தானே பூட்டிக்கொள்ளும் கப்ளிங்குக்கு ஈலை ஜேனி 1873-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். வெஸ்டிங்ஹவுசின் காற்று பிரேக் அதற்கும் நான்கு ஆண்டு முந்தியது. ஆனாலும் லட்சக்கணக்கான வேகன்களில் மாட்டச் செலவாகும், விரல் போன ஆளுக்குப் பதில் புது ஆள் வாசலில் நிற்கிறான். 1889-இல் முடிந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 2,000 ரயில் தொழிலாளர்கள் இறந்தார்கள், 20,000 பேர் காயப்பட்டார்கள். அயோவா விவசாயி லொரென்ஸோ காஃபின், ஓடும் வேகனில் ஒருவர் விரல்களை இழப்பதைக் கண்ணால் பார்த்தவர். ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாக, மாநாடு மாநாடாகப் போய்ப் பேசி நச்சரித்தார். பாதுகாப்புக் கருவிச் சட்டம் 1893-இல் வந்தது. அதில் கம்பெனிகளுக்கு 1898 தொடக்கம்வரை கெடு. கம்பெனிகள் மேலும் அவகாசம் கேட்டன, கிடைத்தது. பிறகும் கேட்டன, அதுவும் கிடைத்தது. முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1900 ஆகஸ்டில், ஜேனி தன் வரைபடத்தைக் கொடுத்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து.

அன்புடன்,
உங்கள் பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு வாசகர்